கலஹாக் காரின் கீறல்கள்

கண்டியில் நான் வேலை செய்த கராஜின் பின்பக்கத்தில் ஓர் அறை இருந்தது. மற்ற இடமெல்லாம் தகரக் கூரையும் எண்ணெய்ப் பிசுக்குமாக இருக்க, அந்த அறைக்கு மட்டும் நாலு சுவர், கதவு, கம்பி போட்ட நீண்ட யன்னல் எல்லாம் உண்டு. கார்களுக்குப் பெயின்ற் அடித்து மினுக்குகிற அறை அது. தூசி வரக்கூடாது என்று கதவை எந்நேரமும் சாத்தியே வைத்திருப்பேன். தரையில் தண்ணீர் தெளித்துவிடுவேன். பெயின்ற்றின் நெடி மூக்கைப் பிடிக்கும் என்பதால் மற்ற வேலையாட்கள் அந்தப் பக்கம் வருவதில்லை. வந்தாலும் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டி, சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் நான் அந்த அறைக்குள் போனேன். காலையில் கதவைச் சாத்தினால் பின்னேரம் வரை வாய் திறக்காமலே பொழுது போய்விடும். எனக்கு வேண்டியிருந்தது அதுதான் என்று அப்போது நினைத்தேன்.

எனக்கு ஊர் யாழ்ப்பாணம். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷுக்கு ஒரு கந்தோர் வேலை கிடைக்கும் என்று வீட்டில் நம்பியிருந்தார்கள். எனக்கு மேசைக்கு முன்னால் இருக்கப் பிடிக்கவில்லை. கொழும்பில் ஒரு மோட்டார் கம்பனியின் பெயின்ற் பகுதியில் போய்ச் சேர்ந்தேன். தூரிகையால் வார்னிஷ் பூசுகிற காலம் போய், காற்றுக் குழாயால் விசிறி அடிக்கிற புதுப் பெயின்ற் வந்துகொண்டிருந்த நேரம். வேலை கையில் படிந்த பிறகு கல்யாணம் கட்டினேன். மனைவியைக் கூட்டிவந்து கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன வீட்டில் குடியிருந்தோம். அடுத்த மாரி வருவதற்கு முன்னமே அவள் காய்ச்சலில் போய்விட்டாள்.

அவளோடு நடந்த தெருக்களில் தனியே நடக்க என்னால் முடியவில்லை. ஊருக்குப் போனால் இன்னொரு கல்யாணப் பேச்சை எடுப்பார்கள். அந்த நாட்களில்தான் கண்டியில் கராஜ் வைத்திருந்த ஒரு முஸ்லிம் முதலாளி, சாமான் வாங்கக் கொழும்புக்கு வந்தவர், நான் மினுக்கி விட்டிருந்த ஒரு காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னை விசாரித்தார். அலவத்துகொடையைச் சேர்ந்தவர். "கண்டிக்கு வாங்க பாஸ். குளிர் ஊரு. உங்களுக்குன்டு ஒரு அற கட்டித் தாறேன்" என்றார். கைத்தொழில்காரனை எங்கள் நாட்டில் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். அடுத்த கிழமையே றெயில் ஏறினேன். திருகோணமலை வீதியில் ஒரு தையற்கடைக்கு மேலே வாடகைக்கு அறை எடுத்தேன். என்னைப் பற்றி எவருக்கும் ஒன்றும் தெரியாத ஊர். எவரும் கேட்கவுமில்லை.

பெயின்ற்றில் உள்ள குறையைப் பெயின்ற்றைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதில் விழுகிற யன்னலைப் பார்க்கவேண்டும். காரின் கதவில் யன்னல் கம்பிகள் நேராக விழுந்தால் அந்த இடம் சரி. கம்பி நெளிந்தால் அங்கே பெயின்ற் வழிந்து தடித்துப்போயிருக்கிறது. கம்பியின் ஓரம் கரைந்து தெரிந்தால், மேற்பரப்பு தோடம்பழத் தோல்போலக் குழி குழியாக இறுகியிருக்கிறது. தூசி விழுந்து காய்ந்த இடங்கள் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் உள்ளங்கைக்குத் தெரியும். இவற்றுக்கெல்லாம் மேலே கண்டிக்கென்று ஒரு தொல்லை உண்டு. காலையில் ஊர் நடுவே இருக்கிற வாவியிலிருந்து எழுகிற ஈரத்தைப் பெயின்ற் காயும்போது பிடித்துக்கொண்டு, பால் படிந்ததுபோல வெளுத்துவிடும். கறுப்புக் கார் சாம்பல் காராகிவிடும். வெயில் ஏறும்வரை காத்திருந்துதான் அடிக்கவேண்டும்.

குறையைக் கண்டபிறகு எல்லாம் தேய்ப்புத்தான். நனைத்த அரத்தாளால் மெதுவாக ஒரு தேய்ப்பு. பிறகு நுரைக்கல் மாவைத் தண்ணீரில் குழைத்துப் பிளனல் துணியில் எடுத்து இன்னொரு தேய்ப்பு. கடைசியில் மெழுகு. விளிம்புகளில் கை நிற்கக்கூடாது. அங்கே பெயின்ற் மெல்லியது, கொஞ்சம் அசட்டையாக இருந்தாலும் அடிப்பூச்சின் சிவப்பு எட்டிப் பார்த்துவிடும். ஒரு கார் முழுவதையும் தேய்த்து முடிக்கும்போது அதன் கதவில் என் முகம் தெரியும். அந்த முகத்தைத்தான் நான் ஒரு நாளில் அதிகம் பார்த்தேன். பல நாட்களில் அது ஒன்றை மட்டும்தான் பார்த்தேன்.

கலஹாவில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரையின் கார் முதன்முதல் எங்கள் கராஜுக்கு வந்தது நல்ல மழை நாளொன்றில். கருநீலக் கார், வாங்கி அதிக நாள் ஆகவில்லை. பின்கதவில் ஒரு மாட்டுவண்டி உரசிப் பட்டையாகத் தேய்ந்திருந்தது. அதைக் கொண்டுவந்த டிரைவர் தோட்டத்துத் தமிழன், முப்பது வயதுக்குள் இருக்கும், காக்கிக் கோட்டும் தொப்பியும் போட்டிருந்தான். காரை என் அறைக்குள் விட்டுவிட்டு, வெளியே தாழ்வாரத்தில் சாரல் அடிக்கிற பக்கமாகப் போய் நின்றுகொண்டான். யன்னலால் பார்க்க அவனுடைய முதுகு நனைவது தெரிந்தது. எவரையும் உள்ளே விடாதவன் நான். அன்று கதவைத் திறந்து கூப்பிட்டேன்.

"ஏன் தம்பி மழையில நிக்கிறீர்? உள்ளுக்கு வாரும்."

"பரவால்லங்க ஐயா. ஒங்க வேலைக்கு எடஞ்சலா இருக்கும்."

"ஒரு இடைஞ்சலுமில்லை. வந்து இரும்."

ஒரு பெயின்ற் பெட்டியின் மேல் உட்கார்ந்தான். நான் தேய்ப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது மறஞ்சிடுங்களா?" என்று கேட்டான்.

ஒருவர் கேள்வி கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. வாய் திறந்தவன் நிறுத்தவில்லை. யன்னல் கம்பியைக் காட்டினேன். அவனுடைய கையைப் பிடித்துக் கதவில் வைத்துத் தூசி மணிகளைத் தடவிப் பார்க்கச் செய்தேன். கீறலுக்குக் குறுக்கே நகத்தை இழுத்துப் பார்க்கவேண்டும் என்றும், நகம் அதில் மாட்டினால் கீறல் அடிவரை போய்விட்டது, திரும்பப் பெயின்ற்தான் அடிக்கவேண்டும் என்றும், நகம் வழுக்கிக்கொண்டு போனால் எந்தக் கீறலையும் தடயமில்லாமல் எடுத்துவிடலாம் என்றும் சொன்னேன். அவன் தன் நகத்தை இழுத்துப் பார்த்தான். திரும்பவும் இழுத்துப் பார்த்தான்.

"கெட்டிக்கார வேலைங்க" என்றான்.

வண்டி உரசிய இடத்துக்குப் பெயின்ற் அடித்துக் காயவைக்க வேண்டியிருந்ததால் கார் மறுநாள்தான் போகும் என்றேன். அவனுடைய முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். என்னோடு பேச இன்னொரு நாள் கிடைத்ததில் அவனுக்கும் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன். பின்னேரம் கடைத்தெருவில் ஒரு வேலை இருக்கிறது என்று போனவன், மறுநாள் காலையில்தான் வந்தான். நான் அவனுக்கும் சேர்த்து வாங்கி வைத்திருந்த இராச்சாப்பாட்டை நானே சாப்பிட்டேன்.

ஒரு மாதம் போயிருக்கும், அதே கார் திரும்ப வந்தது. இந்த முறை இடது கதவில் நீளமாக ஒரு கீறல்.

"தேயிலச் செடி கீறிருச்சுங்க. ரோட்டு ரொம்பக் குறுகலுங்க" என்றான். "தொரைக்குக் காரு கண்ணாடி மாதிரி இருக்கணும். ஒடனே கொண்டு போன்னுட்டாரு."

நகம் மாட்டவில்லை. பாதி நாளில் எடுத்துவிடக்கூடிய கீறல்தான். ஆனால் முன்னால் வேறு கார் நின்றதால் மறுநாள்வரை இருக்கவேண்டியதாயிற்று. அன்றைக்கும் மத்தியானம்வரை என்னோடு இருந்து பேசினான். தோட்டத்தில் கூலியாட்களின் லயத்தில் இருக்கிறானாம், தாய் தகப்பன் இல்லையாம், காரோட்டப் பழகியதும் துரையிடம்தானாம். கல்யாணம் கட்டியிருக்கிறீரா என்று கேட்டேன். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டான். பிறகு அதையே என்னிடம் கேட்டான். நான் முதன்முதலாகக் கண்டியில் ஒருவனிடம் என் மனைவி செத்துப்போனதைச் சொன்னேன். அவன் எழுந்து என் கையிலிருந்த துணியை வாங்கி, மெழுகு போட்ட இடத்தைத் தானே துடைக்கத் தொடங்கினான். அதன்பிறகு என்னை ஐயா என்று கூப்பிடவில்லை, அண்ணே என்றான்.

அடுத்தமுறை வந்தபோது கீறல் வலது பின்கதவில் இருந்தது. காரை யன்னலுக்கு நேரே விட்டு, குனிந்து பார்த்தேன். பார்த்ததும் கை நின்றுவிட்டது.

செடியோ முள்ளோ கீறினால் கோடு ஒன்றாக வராது. பக்கத்தில் பக்கத்தில் மெல்லிய கோடுகளாக வரும். கார் ஓடுகிற திசையில் முன்னாலிருந்து பின்னால் இழுபட்டு, அழுத்தம் குறைந்து, வால்போல முடியும். இந்தக் கோடு தொடங்கிய இடத்திலும் முடிந்த இடத்திலும் ஒரே அழுத்தமாக இருந்தது. ஒருவன் கதவுக்குப் பக்கத்தில் நின்று முழங்கையை அசைக்காமல் கையை வீசினால் வருகிற வளைவு அதில் இருந்தது. நகத்தை இழுத்தேன். மாட்டவில்லை. மாட்டாத அளவுக்குத்தான், அதற்கு ஒரு மயிரிழை குறைவாகத்தான் ஆழம் இருந்தது. அவ்வளவு அளந்து கீற, எவ்வளவு ஆழம் போகலாம் என்று தெரிந்திருக்கவேண்டும். அதைச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

அவன் வழக்கம்போலப் பெட்டியின் மேல் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தான். அது என் காதில் விழவில்லை. என்னைப் பார்க்கத்தான் வருகிறான் என்று மனதின் ஒரு மூலையில் நினைத்திருந்தேன் போலும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் தனியே இருப்பவனுடைய மனம் அப்படியெல்லாம் கணக்குப் போடும். அன்று நான் ஒன்றும் கேட்கவில்லை. மத்தியானம் காரை என்னிடம் விட்டுவிட்டு அவன் புறப்பட்டுப் போனான். எனக்கு வேலை ஓடவில்லை.

பின்னேரம் கராஜை விட்டு வெளிக்கிட்டு வாவியைச் சுற்றி நடந்தேன். வெயில் தாழ்ந்து, நடக்கிற ஆட்கள் குறைந்துகொண்டிருந்த நேரம். மரங்களுக்குக் கீழே வாவிக்கட்டில் அவன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண். பெரிய பங்களாக்களில் பிள்ளை பார்க்கிற ஆயாமார் உடுத்துகிற சேலை அது. அவள் மடியில் ஒரு பொட்டலத்தை விரித்து, ரொட்டியைப் பிய்த்து அவனிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்திருந்தான். அவளுடைய மற்றக் கை அவனுடைய கோட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது, சந்தையில் பிள்ளைகள் தாயின் சேலையைப் பிடித்துக்கொள்வதுபோல. நான் வந்த வழியே திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் அவன் வந்தபோது கார் தயாராக இருந்தது. காரின் திறப்பைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன்:

"தம்பி, தேயிலைச் செடி உப்பிடிக் கீறாது."

அவன் காரைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

"நேற்று வாவிக்கட்டில கண்டனான். உம்மட மனுசியோ?"

"ஆமாண்ணே." தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். "தொரைசாணி புள்ளைங்கள கூட்டிக்கிட்டு சீமைக்குப் போயிட்டாங்க. அதுவரைக்கும் இவதான் அந்தப் புள்ளைங்கள பாத்துக்கிட்டிருந்தா. போறப்ப, இங்கன மலை மேல ஒரு பங்களாவுல அவங்க சிநேகிதக்காரங்க வீட்டுக்கு இவளக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. வருசம் ஒண்ணாச்சு. தொரை லீவு குடுக்க மாட்டாரு. ஞாயித்துக்கெழமையும் காரு வேணும். அவளுக்கும் அந்த வீட்ட விட்டு வரமுடியாது. காரு கண்டியில நின்னாத்தான் நான் கண்டியில நிக்கலாம்."

"எதால கீறினனீர்?"

"சட்டப் பொத்தான்ல, பித்தாளப் பொத்தானுங்க." தலையைக் குனிந்துகொண்டான். "நகம் மாட்டாம பாத்துக்கிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கோபமும் வந்தது, வேறொன்றும் வந்தது. ஒரு நாள் மனைவியோடு உட்கார்ந்து ரொட்டி தின்பதற்காக வேலையையே பணயம் வைக்கிறவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்றுதான் சொல்லவேண்டும்.

"இனி உப்பிடிச் செய்யாதையும். நான் கண்டுபிடிச்சது மாதிரி இன்னொருத்தன் கண்டுபிடிப்பான். துரை உம்மை வேலையால நிப்பாட்டினால் நீர் ஒரு பக்கம், அவ ஒரு பக்கம். பிறகு ஒருநாளும் காணேலாது."

"செய்யமாட்டேண்ணே. சத்தியமா."

அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அது எனக்குத்தான் பொல்லாததாயிற்று. ஒரு மாதம் போனது, இன்னொரு மாதமும் போனது. கருநீலக் கார் வரவில்லை. கேற்றுக்குள் ஒவ்வொரு கார் நுழையும்போதும் யன்னலால் எட்டிப் பார்த்தேன். அந்த அறையின் அமைதி முன்பு எனக்கு ஒரு போர்வைபோல இருந்தது. இப்போது அது தாங்கவில்லை. ஒருநாள் பின்னேரம் வாவிப்பக்கம் போனபோது அந்தப் பெண் ஒரு வெள்ளைக்காரக் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவதைக் கண்டேன். றோட்டில் கார்ச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் திருப்பினாள். நானும் அதே சத்தத்துக்குத்தான் திரும்பிக்கொண்டிருந்தேன். அவளுக்கு என்னைத் தெரியாது.

ஒருநாள் காலையில் முதலாளி கதவைத் திறந்து, வழக்கத்துக்கு மாறாக உள்ளேயே வந்துவிட்டார்.

"பாஸ், கலஹாத் தொர அவரே வந்தீக்கிறார். நல்ல கோவத்துல ஈக்கிறார். நீங்க இங்கிலீஷ்ல பேசிக்கோங்க, என்னால ஏலா."

வெளியே போனேன். கார் நின்றது. துரை நின்றார், நெட்டையான, வெயிலில் சிவந்த மனிதர். டிரைவர் காருக்கு அந்தப்பக்கம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். வலது பக்கம் முன்கதவிலிருந்து பின்கதவுவரை கீறல்கள்.

"இந்தக் காரை மினுக்குகிறவன் நீதானே?" என்று துரை இங்கிலீஷில் கேட்டார். "எத்தனை தரம் இதே கதை? செடி என்கிறான். என் தோட்டத்தில் வேறு கார்களும் ஓடுகின்றன. அவற்றில் இப்படி இல்லை. யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று நினைக்கிறேன். நீ இதையே பார்க்கிறவன். சொல்."

நான் டிரைவரைப் பார்த்தேன். அவன் மெதுவாகத் தலையை ஆட்டினான், இல்லை என்று. அதை நம்புவதா விடுவதா என்று தெரியாமல் காருக்குப் பக்கத்தில் குந்தினேன்.

கோடுகள் பலவாக இருந்தன. பக்கத்தில் பக்கத்தில், ஏறியும் இறங்கியும், முன்னாலிருந்து பின்னால் இழுபட்டு வால்போல முடிந்திருந்தன. ஒரு கோட்டின் முடிவில் பச்சைச் சாறு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு மூச்சு வந்தது.

"இது செடி கீறினது, ஐயா" என்றேன். துரையைக் குனியச் சொல்லி ஒவ்வொன்றாகக் காட்டினேன். கலஹா பஸ் எதிரே வரும்போது கார் ஓரம் கட்டினால், றோட்டோரத்து நாயுண்ணிப் பற்றை இப்படித்தான் இழுக்கும் என்றேன். அவர் தன் கட்டைவிரலால் அந்தப் பச்சையைச் சுரண்டி மணந்து பார்த்தார். முட்டாள் மனிதர் அல்ல.

"சரி. இதற்கு முன்னால் வந்தவை?"

"அவற்றை நான் எடுத்துவிட்டேன், ஐயா. இப்போது பார்ப்பதற்கு ஒன்றுமில்லை."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு டிரைவரைப் பார்த்தார். அந்த நேரத்தில் எங்கிருந்து எனக்கு அந்த யோசனை வந்ததோ தெரியாது.

"மழை ஊரில் ஓடுகிற கார், ஐயா. மெழுகு கழுவுப்பட்டுப் போனால் ஒரு இலை பட்டாலும் அடையாளம் விழும். மாதம் ஒருமுறை அனுப்பினால் கழுவி, துடைத்து, புது மெழுகு போட்டுத் தருவேன். அது இறுகுவதற்கு ஓர் இரவு இங்கே நிற்கவேண்டும். பிறகு கீறல் விழுவது நல்லாகக் குறையும்."

மெழுகு இறுக ஓர் இரவு தேவையில்லை. மற்றதெல்லாம் உண்மை. துரை காரின் முன்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். அந்தக் காரில் அவருக்கு இருந்த பற்று அந்தக் கையில் தெரிந்தது.

"மாதம் ஒருமுறை" என்றார். "கீறல் இருந்தாலும் இல்லாவிட்டாலும்."

"ஓம் ஐயா."

காருக்கு அந்தப்பக்கம் டிரைவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தான். வைத்த தொப்பி கோணலாக இருந்தது, அவன் அதைச் சரிசெய்யவில்லை.

அதன் பிறகு வந்தது என் கண்டி வாழ்க்கையிலேயே நல்ல காலம். மாதத்தில் ஒருநாள் கார் வரும். காலை முழுவதும் அவன் என்னோடு இருப்பான். நான் மெழுகு போட அவன் துடைப்பான். தோட்டத்துக் கதைகள், கங்காணிமாரின் சண்டைகள், துரை தனியே இருந்து குடிப்பது, எல்லாம் சொல்வான். மத்தியானம் நான் "போம், போம்" என்று துரத்தவேண்டும். ஒருமுறை அவனுடைய மனைவியே கராஜுக்கு வந்தாள். அந்த வீட்டார் நுவரெலியாவுக்குப் போயிருந்ததால் அவளுக்கு நேரம் கிடைத்திருந்தது. ரொட்டியும் கட்டைச் சம்பலும் கொண்டுவந்திருந்தாள். "அண்ணே, நீங்கதான் சாப்பிடணும் முதல்ல" என்று என் முன்னால் இலையை வைத்தாள். மூன்று பேரும் அந்த அறையின் ஈரத்தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து சாப்பிட்டோம். என் மனைவி போனபிறகு ஒரு பெண் எனக்குச் சாப்பாடு போட்டது அன்றைக்குத்தான். உறைப்பு அதிகம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

தேயிலை விலை விழுந்த காலம் அது. தோட்டங்களில் ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். கலஹாத் துரையும் சீமைக்குத் திரும்பப்போவதாக ஒரு நாள் செய்தி வந்தது. காரை விற்கவேண்டும், நல்லாக மினுக்கித் தரவேண்டும் என்று எங்களிடமே விட்டார்கள். டிரைவருக்கு வேலை இல்லாமல் போயிற்று. நான் முதலாளியிடம் போய்ப் பேசினேன். எதற்கும் அவரிடம் போய் நிற்காதவன் வந்து நிற்பதைப் பார்த்து அவருக்கே ஆச்சரியம்.

"நல்ல மனுசன்டு நீங்க செல்றீங்க. அது போதும் பாஸ்" என்றார். தெல்தெனியாவில் புகையிலையும் மிளகும் வாங்கி விற்கிற அவருடைய மச்சானுக்கு லொறி ஓட்ட ஆள் தேவையாக இருந்தது. தங்க வீடும் உண்டு, குடும்பத்தோடு வரலாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

கடைசியாக அந்தக் காரை அவனும் நானும் சேர்ந்து மினுக்கினோம். கூரையிலிருந்து சக்கர மூடிவரை ஓர் இடம் விடவில்லை. அவன் வாய் ஓயவில்லை. வீட்டுக்கு முன்னால் மிளகாய் நடவேண்டும், ஆடு ஒன்று வாங்கவேண்டும், அவள் அந்த வெள்ளைச் சேலையை இனி உடுத்தமாட்டாள், என்றெல்லாம். நான் "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவனுக்கு நல்லது நடக்கிறது என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். லொறியை எவரும் மினுக்கக் கொண்டுவரமாட்டார்கள் என்ற நினைப்பும் கூடவே இருந்தது.

போகிற அன்று லொறியைக் கராஜ் வாசலில் நிறுத்தினான். என்ஜினை நிறுத்தவில்லை. பின்னால் தட்டுமுட்டுச் சாமான்கள், முன்னால் அவனுக்குப் பக்கத்தில் அவள், சிவப்புச் சேலையில். "அண்ணே, நேரமாச்சு, மொதலாளி காத்துக்கிட்டிருக்காரு! கட்டாயம் வரணும்!" என்று ஆசனத்திலிருந்தபடியே கத்தினான். நான் மாவு பிடித்த கையைத் தூக்கிக் காட்டினேன். பின்னால் ஒரு பஸ் வந்து ஹோர்ன் அடித்ததால் லொறி நகர்ந்துவிட்டது.

வருவான் என்று நினைத்தேன். ஒருமுறை வந்தான். கண்டிச் சந்தைக்குச் சாமான் இறக்க வந்த வழியில், நின்ற நிலையில் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு, பிள்ளை பிறக்கப்போகிறது என்று சொல்லிவிட்டுப் போனான். பிறகு வரவில்லை.

பிள்ளை பிறந்த செய்தியை முதலாளிதான் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைக்கு ஒரு சட்டையும் கொஞ்சம் தோடம்பழமும் வாங்கிக்கொண்டு தெல்தெனியா பஸ் ஏறினேன். மகாவலிப் பாலத்தைத் தாண்டியதும் காற்றில் சூடு ஏறியது. வழியெல்லாம் அவனிடம் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே போனேன். பேசுவதற்கு நிறையச் சேர்த்து வைத்திருந்தேன்.

புகையிலைக் கடைக்குப் பின்னால் வீடு. வாசலில் மிளகாய்க் கன்று நின்றது. ஆடும் நின்றது. உள்ளே அக்கம்பக்கத்து ஆட்கள் நிறைந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண் ஒருத்தி பிள்ளையை மடியில் வைத்திருந்தாள், கடை ஆட்கள் இரண்டு மூன்று பேர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அவன் துள்ளி எழுந்தான். இருந்த ஒரேயொரு கதிரையைத் துடைத்து எனக்குப் போட்டான். அவள் ஓடிவந்து கும்பிட்டாள், பிள்ளையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். பிள்ளை என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது.

"இவருதான் நான் சொல்வேனே, அந்தக் கீறல் கண்டுபுடிச்ச அண்ணன்!" என்று அவன் எல்லோருக்கும் சொன்னான். உடனே எல்லோரும் சிரித்தார்கள். அவர்களுக்குக் கதை முழுவதும் தெரிந்திருந்தது. பொத்தானால் கீறியது, வாவிக்கட்டு, துரை இலைச்சாற்றை மணந்து பார்த்தது, மெழுகு, ஓர் இரவு, எல்லாம். கடை ஆள் ஒருவன், "மெழுகு காய ஒரு ராவு வேணுமாம்ல!" என்று தொடையில் தட்டிச் சிரித்தான். டிரைவர் எழுந்து நின்று துரையைப்போல நடித்துக் காட்டினான். என்னைப்போலவும் நடித்தான், குந்தி, கண்ணைச் சுருக்கி, நகத்தை இழுத்து. நன்றாகத்தான் செய்தான். நானும் சிரித்தேன்.

அந்தக் கதையை நான் எவரிடமும் சொன்னதில்லை. அது எங்கள் மூன்று பேருக்குள் இருக்கிற ஒன்று என்று வைத்திருந்தேன். அவன் செய்ததில் பிழை ஒன்றுமில்லை. கஷ்டம் தீர்ந்தவனுக்கு அது சிரிக்கிற கதைதானே. தீராதவன் அதைப் பொத்தி வைத்திருந்தான், அவ்வளவுதான்.

சாப்பாடு தடபுடலாக இருந்தது. சாப்பிட்டபின் ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். அவனோடு தனியே பேச ஐந்து நிமிஷம் கிடைக்கவில்லை. அவளிடம் விடைபெறும்போது, "ஏண்ணே, நீங்க எத்தன நாளைக்கு இப்படித் தனியா இருப்பீங்க?" என்று கேட்டாள். சும்மா கேட்கவில்லை, மனதாரத்தான் கேட்டாள். "பார்ப்பம், பிள்ளை" என்றேன். பஸ் வரை அவன் கூடவே வந்தான். "அடிக்கடி வாங்கண்ணே" என்றான். பஸ் புறப்படுவதற்குள் யாரோ கடையிலிருந்து கூப்பிட்டார்கள், திரும்பிப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே ஓடினான்.

பஸ்ஸில் இருந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். சேர்த்து வைத்திருந்த பேச்சு அப்படியே என்னிடம் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் ஒரு டாக்டரின் கார் வந்திருந்தது. மழைத் துளி காய்ந்து முன்பக்கம் முழுவதும் வெள்ளை வட்டங்கள். நான் துணியை நனைத்துக்கொண்டிருந்தபோது முதலாளி தலையை நீட்டினார்.

"நேத்து தெல்தெனியாவுக்குப் போனீங்களாமே பாஸ். எப்படி ஈக்கிறாங்க அவங்க?"

"நல்லா இருக்கினம் முதலாளி" என்றேன். "சந்தோஷமா இருக்கினம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். இன்னும் ஏதோ கேட்கப்போகிறவர்போல என்னைப் பார்த்தபடி நின்றார். பிறகு, தூசி வரும் என்று நினைத்தாரோ என்னவோ, கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.